தையல் போட்ட கூந்தலோடு சித்திரை மாத மதுரை

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறேன் என்றதும் லண்டன் ஈஸ்ட் ஹாம் தோழிகள் கேட்டது ஒரே கேள்விதான்: "தலையில ஸ்யூ-இன் இருக்கே, மதுரை வெயிலுக்குத் தாங்குமா?" தாங்கியது. வெயில் பெரிய தொல்லை இல்லை. தண்ணீரும் ஈரமும்தான் தொல்லை. எதற்குப் பார்லர் போகலாம், எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்யூ-இன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சொந்த முடியைத் தலையோடு ஒட்டினாற்போல மெல்லிய வரிசைப் பின்னல்களாகப் பின்னி, அந்தப் பின்னல்கள் மேல் முடிச்சரங்களை வளைந்த ஊசியால் தைத்துவிடுவார்கள். பசை கிடையாது, கிளிப் கிடையாது. கறுப்பினப் பெண்களின் கைவேலை இது. ஓஹையோவில் சலூன் நடத்திய கிறிஸ்டினா ஜென்கின்ஸ் 1950களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். எனக்குப் போட்டுவிட்டது லண்டன் பெக்கம் பகுதியில், ரை லேன் தெருவில் கடை வைத்திருக்கும் கானா நாட்டுப் பெண். அவர் கறாராகச் சொன்னது: ஆறிலிருந்து எட்டு வாரம், அதற்கு மேல் ஒரு நாளும் வைக்காதே. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். வளர வளரப் பின்னல் வேரை விட்டுக் கீழே இறங்கும், சரத்தின் கனம் வேரை இழுக்கும். நெற்றியோரமும் காதோரமும் முதலில் கொட்டும். நாள்பட விட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலே போகலாம்.

முதலில் தண்ணீர். எங்கள் வீட்டில் குளிக்க வருவது போர் தண்ணீர். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் முடியிலும் படியும். நம் முடிக்கு மண்டையிலிருந்து எண்ணெய்ப் பசை ஊறி வரும். தைத்த சரத்துக்கு அது வராது, ஆகவே அதுதான் முதலில் சொரசொரவென்று ஆகும். குடிக்கிற 20 லிட்டர் கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொண்டேன். "குடிக்கிற தண்ணியில தலை அலசுறாளாம்" என்று அயித்தை முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். முடி கடைசிவரை சிக்கில்லாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தச் சொம்புதான்.

பார்லர் கதைக்கு வருகிறேன். கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருந்த ஒரு பெரிய இடத்துக்கு முதலில் போனேன். எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் முடி வைக்கிற வேலை, தெரியுமா என்றால் "எல்லாம் பண்ணுவோம் மேடம்" என்றார்கள். அவர்கள் பழகியது கிளிப்பும் டேப்பும் போலிருக்கிறது. உட்கார்ந்த உடனே க்ரீமை அள்ளி உச்சியில் வைத்து வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள் ஒரு பெண். வட்டமாகத் தேய்த்தால் பின்னல் கலைந்து மேல் முடி பஞ்சாகச் சுருண்டுகொள்ளும். நிறுத்தச் சொன்னேன். அலசி முடித்ததும் துண்டால் துடைத்து, "வெயில்ல காஞ்சிரும் மேடம், கிளம்பலாம்" என்றார்கள். கிளம்பக் கூடாது. மேலே தொங்குகிற முடி பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், அடியில் இருக்கிற பின்னல் காயவே காயாது. ஈரம் உள்ளே தங்கினால் முதலில் புளித்த வாடை வரும், பிறகு பூஞ்சை.

இரண்டாவதாகப் போனது அண்ணா நகர்ப் பக்கம், வீட்டு மாடியில் ஒரு அம்மா நடத்தும் சின்னப் பார்லர். தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இது பழக்கமில்லம்மா. எப்படிச் செய்யணும்னு நீங்க சொல்லுங்க, நான் செய்யிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே திரும்பத் திரும்ப அங்கேதான் போனேன். ஷாம்பூவில் தண்ணீர் கலந்து டை அடிக்கிற மூக்கு பாட்டிலில் ஊற்றி, பின்னல்களின் இடைவெளியில் விட்டு, விரல் நுனியால் அழுத்தி மேலிருந்து கீழாகவே கழுவினார். கண்டிஷனர் சரத்தின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும். பிறகு மிதமான சூட்டில் டிரையர், தொட்டுப் பார்த்தால் பின்னல் குளிராமல் இருக்கிறவரைக்கும். 500 ரூபாய் வாங்கினார், பொறுமைக்கு அது குறைவு. ஒரு எச்சரிக்கை: தலைக்கு மேல் குடை மாதிரி கவிழ்ப்பது எல்லாம் டிரையர் இல்லை. பல பார்லர்களில் இருப்பது ஸ்டீமர். அது ஈரத்தைக் காயவைக்காது, ஏற்றும். போகிற நாளில் அந்தப் பகுதிக்கு மாதாந்திர மின்தடை உண்டா என்று காலைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பிராணி போட்டால் காயும் என்பார்கள் வீட்டில். புகை வாசம்தான் தங்கும், பின்னல் காயாது.

அழகர் ஆற்றில் இறங்குகிற நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடிப்பார்கள் என்று தெரியாத மதுரைக்காரர் உண்டா? நனையத்தான் போகிறோம். ஒரு பக்கம் கரையில் காணிக்கை மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்னொரு பக்கம் நான் காசு கொடுத்து வாங்கிய முடியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த காற்றில் டிரையர் பிடித்து வேர்வரை காயவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

விசேஷ வீட்டில் அடுத்த சோதனை, பூ. மதுரையில் கூந்தல் நீளமாகத் தெரிந்தால் முழங்கணக்கில் மல்லிகையைக் கொண்டு வந்து சரியவிடுவார்கள். உச்சியில், தையல் இருக்கிற இடத்தில் கனத்தைத் தொங்கவிடாதீர்கள். தளர்வாகச் சடை பின்னி, சடையின் நடுப்பகுதிக்குக் கீழே பரவலாகக் குத்தச் சொல்லுங்கள். இரவு பூவை எடுத்துவிட்டுப் பட்டுத் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு படுங்கள். பழைய பட்டுப் பாவாடைத் துணி போதும், பருத்தித் தலையணை உறைதான் முடியை உரசிச் சிக்காக்கும். தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட வருகிற பாசக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க வேண்டியதுதான். பின்னல் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு போதும்.

காதுக்குப் பின்னால் ஒரு சரத்தின் ஓரம் பிரிந்துகொண்டது. மீனாட்சியம்மன் கோயில் பக்கம் பரதநாட்டியச் சாமானும் சவுரியும் விற்கிற ஒரு பெரியவரிடம் காட்டினேன். உதிர்ந்த இழை ஒன்றை விரல்களுக்கிடையே மேலும் கீழுமாக நீவினார், நுனியில் தீக்குச்சி வைத்தார். பொசுங்கி வாடை வந்து பொடியானது. நைலானாக இருந்தால் உருகி உருண்டையாகும். "நல்ல முடிதாம்மா, நம்மூருச் சரக்குதான்" என்றவர், லண்டன் விலையைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் கொண்டு போயிருந்த வளைந்த ஊசியையும் நூலையும் கொடுத்ததும் அவர் வீட்டம்மா நாலே தையலில் முடித்துவிட்டார். ஊசியும் நூலும் பெட்டியில் கட்டாயம் இருக்கட்டும்.

கடைசியாக, பிரிப்பது. ஊரில் இருக்கும்போதே வார கணக்கு முடிந்துவிட்டது. இதைப் பார்லரில் கொடுக்க எனக்குத் துணிச்சலில்லை. கறுப்பு முடிக்குள் கறுப்பு நூல், கத்தரி தவறினால் சொந்த முடி போய்விடும். திருநகரில் இருக்கும் மதினி ரவிக்கைக்கு ஆரி ஒர்க் போடுகிறவள். நாளெல்லாம் நூலோடு குடும்பம் நடத்துகிற கண் அவளுக்கு. ஜன்னலோரம் உட்காரவைத்து, முடிச்சை மட்டும் தேடித் தேடி வெட்டினாள். பின்னலை அவிழ்த்ததும் கையோடு கொத்தாக முடி வர, "ஆத்தி, இம்புட்டு முடி கொட்டிருச்சே!" என்று பதறிவிட்டாள். யாருக்குமே நாளுக்கு 50 முதல் 100 முடி உதிரும். அத்தனை வார உதிர்வும் பின்னலுக்குள் சிறையிருந்து ஒரே நாளில் வெளியே வருகிறது, அவ்வளவுதான். உடனே தலையை நனைத்துவிடக் கூடாது. பின்னலடியில் சேர்ந்த அழுக்கோடு உதிர்ந்த முடியும் சேர்ந்து சடைபிடித்துக்கொள்ளும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்த பிறகுதான் தண்ணீர். அரை நாள் ஆனது. மதினி காசு வாங்க மாட்டாள் என்பதால் அவளுக்கு ஒரு சேலை.

மதுரையிலேயே புதிதாகப் போட்டுக்கொள்ளலாமா என்றால், நான் விசாரித்த இடங்களில் அந்த வரிசைப் பின்னல் பின்னத் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. "பசை வைத்து ஒட்டித் தருகிறோம்" என்றார்கள். அதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழற்றிய சரங்களை அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்துத் துணிப்பையில் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். கொஞ்ச நாள் நெற்றியோரம் ஆறட்டும், பிறகுதான் ரை லேன்.