லீவுல அம்மாவுக்கு அக்கி தடுப்பூசி: கடலூர், பாண்டி அனுபவம்

சிங்கப்பூர்ல இருந்து ஆறு வாரம் லீவு போட்டு கடலூர் போனேன், இந்த தடவ முக்கியமா அம்மாவுக்கு அக்கி ஊசி போடத்தான். அம்மாவுக்கு 63 வயசு, முடக்கு வாதம், அதுக்கு மெத்தோட்ரெக்ஸேட், டோஃபாசிட்டினிப்னு எதிர்ப்பு சக்திய கொறைக்கற ரெண்டு மருந்து ஓடுது. சின்ன வயசுல தண்ணி அம்மை வந்தவங்க நரம்புல அந்தக் கிருமி அப்படியே பதுங்கி கெடக்கும், எதிர்ப்பு சக்தி கொறையறப்ப அக்கியா கெளம்பும், டோஃபாசிட்டினிப் சாப்பிடறவங்களுக்கு அந்த சான்ஸ் இன்னும் ஜாஸ்தி. எதிர்வீட்டு அத்தைக்கு போன வருஷம் இடுப்புல வந்துச்சு, காவி எழுதிட்டு வந்து நாலு நாள் கழிச்சுதான் டாக்டர்கிட்ட போனாங்க. வைரஸ எதிர்க்கற மாத்திரைய மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். கொப்புளம் காஞ்சு மாசக்கணக்காச்சு, இன்னும் கொசுவத்த ஒரு கையால தூக்கிப் புடிச்சுக்கிட்டுதான் நடக்கறாங்க, துணி பட்டாலே எரியுதாம்.

ஷிங்ரிக்ஸ்ங்கற அக்கி ஊசி இந்தியாவுக்கு 2023லயே வந்தாச்சு. உயிருள்ள கிருமி இல்லாத ஊசிங்கறதால அம்மா மாதிரி ஆளுங்களுக்கும் போடலாம். சாதாரணமா ரெண்டு டோஸுக்கு நடுவுல 2 மாசத்துல இருந்து 6 மாசம் விடுவாங்க, எதிர்ப்பு சக்தி கொறைஞ்சவங்களுக்கு 1 மாசத்துலயே ரெண்டாவது போடலாம்னு வாத டாக்டர் சொன்னப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு, நான் கெளம்பறதுக்குள்ள முடிச்சிடலாமே. மெத்தோட்ரெக்ஸேட்ட இதுக்காக நிறுத்த வேணாம்னும் சொல்லிட்டார்.

கடலூர்ல ஒரு மருந்துக்கடைல ஆர்டர் குடுத்தோம். வந்தது, ஆனா பையன் அத சாதா கேரி பேக்ல போட்டு நீட்டறான், ஐஸ் இல்ல ஒண்ணும் இல்ல, டப்பாவ தொட்டா கைச்சூடா இருக்கு. 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய சாமான். வேணாம்னு திருப்பிக் குடுத்தேன், கடைக்காரர் முறைச்சார், பரவால்ல. இவ்ளோ காசு குடுத்து கெட்டுப்போனத அம்மா கைல ஏத்த முடியுமா?

அப்புறம் பாண்டில ஒரு கிளினிக்ல போட்டோம். நர்ஸ் அக்கா ஃப்ரிட்ஜ்ல இருந்த தெர்மாமீட்டர காட்டினாங்க, 5. பவுடர் குப்பி ஒண்ணு, திரவ மருந்து குப்பி ஒண்ணு, எங்க கண்ணு முன்னாடியே கலந்து தோள்ல போட்டாங்க, ஸ்டிக்கர கிழிச்சு கார்டுல ஒட்டி தேதி எழுதினாங்க. அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு காய்ச்சல், தலை சீவக்கூட கைய தூக்க முடியல, நான்தான் பின்னி விட்டேன். ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. ரெண்டாவது டோஸ் நான் ஃபிளைட் ஏறறதுக்கு நாலு நாள் முன்னாடி, அதே கிளினிக், அதே நர்ஸ் அக்கா.