எலிபண்டாவா, கன்ஹேரியா?

ஊர்லேர்ந்து ஆளுங்க வந்துட்டா மும்பைல தாராவி, மாட்டுங்கா பக்கம் நம்ம வீடுங்கள்ல இந்தப் பேச்சு கண்டிப்பா வரும், இருக்கறது ஒரு நாள், எந்தக் குகைக்குக் கூட்டிட்டுப் போறது?

போற வழி: எலிபண்டா தீவுக்கு கேட்வே ஆஃப் இந்தியாலேர்ந்து போட், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், கடலைப் பாத்துக்கிட்டே போகலாம். கன்ஹேரிக்கு போரிவலி வரை லோக்கல் ட்ரெயின், அப்புறம் நேஷனல் பார்க் உள்ள காட்டு ரோடு.

செலவு: கன்ஹேரி கம்மி. குடும்பமா போனா போட் டிக்கெட்டே கையைக் கடிக்கும்.

பாக்குறதுக்கு: எலிபண்டால அந்த மூணு முகச் சிவன், சுமார் 20 அடி, இருட்டுக்குள்ளேர்ந்து மெல்லத் தெரியும்போது பேச்சே வராது, மகாபலிபுரம் பாத்தவங்களும் அவசியம் பாக்கணும். கன்ஹேரில 100க்கு மேல பௌத்தக் குகைங்க, பிக்குங்க படுத்த கல் மேடை, மழைத்தண்ணி சேத்து வெச்ச தொட்டிங்கன்னு மலைக்குள்ள ஒரு ஊரே இருக்கு, என் மனசு இங்கதான் ஒட்டுது.

திங்கக்கிழமை ரெண்டுமே லீவு.

வயசானவங்க, முதல் தடவை மும்பை வர்றவங்கன்னா எலிபண்டா, படி ஏற முடியலன்னா டோலி கிடைக்கும். மழைக்காலம்னாலோ நல்லா நடக்குற பசங்கன்னாலோ கன்ஹேரி, யோசிக்கவே வேணாம், தண்ணி பாட்டில் மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க.