தாழ்த்திய காருக்கு டயர் தேடிய இரண்டு நாள்

இந்த முறை ஊரில் மூன்று வாரம் இருந்தேன். அதில் இரண்டு முழு நாள் தம்பியின் காருக்கு டயர் மாற்றுவதில் போனது.

விமான நிலையத்துக்கு அவன்தான் வந்திருந்தான். டொயோட்டா 86, முதல் தலைமுறை, இன்னொருவரிடமிருந்து வாங்கிய வண்டி. பழைய உரிமையாளர் ஸ்பிரிங் மாற்றி 35 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார். இரண்டு பெரிய பெட்டிகளைப் பின் சீட்டில் திணித்துக்கொண்டு கிளம்பினோம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்பக்கம் 'சர்ர்' என்று ஒரு உரசல். "பாரம் ஏத்தினா மட்டும்தான் இப்படி வரும் அண்ணா" என்றான். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பின் டயரின் உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் பட்டன்கள் நன்றாகவே இருந்தன. உள்விளிம்பில் ரப்பரே இல்லை, விரலில் கம்பி குத்தியது. தினமும் இதில்தான் வேலைக்குப் போய் வருகிறான் என்று நினைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தாழ்த்திய காரில் இதுதான் ஆபத்து: நின்றுகொண்டு பார்த்தால் டயர் புதிதாகத் தெரியும், தேய்வது கண்ணுக்குப் படாத இடத்தில்.

மறுநாள் காலையிலேயே ஒரு டயர் கடைக்குப் போனோம். பெரிய கடை, பளபளப்பான வரவேற்பறை. காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "18 இஞ்ச் வீல் போடுங்க சார், 235/40 டயர், லுக்கே மாறிடும்" என்றார்கள். எவ்வளவு இறக்கியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. கணக்கு எளிதுதான். இந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்த அளவு 215/45 ஆர் 17. அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 96.75. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, அதோடு 17 இஞ்ச் ரிம்மின் 431.8 சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 625 மில்லிமீட்டர். அவர்கள் சொன்ன 235/40 ஆர் 18 போட்டால் 645. மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஏற்கெனவே உரசும் காரில் டயர் மேல்நோக்கி 10 மில்லிமீட்டர் வளரும், இரண்டு பக்கமும் அகலம் வேறு கூடும். போதாததற்கு, எடுத்துக் காட்டிய டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு வருடம் தாண்டிய சரக்கு. கேட்டபோது "ஓடாத டயர்தானே சார்" என்றார்கள். ரப்பர் ஓடாவிட்டாலும் இறுகும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது இடம், தம்பியின் நண்பன் சொன்ன, வீல்களின் கோணத்தைச் சரிசெய்யும் சிறிய அலைன்மெண்ட் பட்டறை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், உடன் இரண்டு பையன்கள். அவருடைய முதல் கேள்வியே, "பின் சீட்டுல ஆள் உட்காருவாங்களா தம்பி?" என்பதுதான். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தாழ்ந்த ஜாக்கி அவரிடம் இருந்தது, அடிப்பக்கம் நசுங்காமல் தூக்கினார். பின் மட்கார்டின் உதட்டில் பெயிண்ட் தேய்ந்து பளபளப்பாக ஒரு கோடு. அதைக் காட்டி, உரசுவது டயரின் வெளித்தோள்தான், அதாவது ஓடும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் மூலைதான் என்றார். வீலைக் கழற்றி உள்பக்கம் பொறித்த எண்களைப் படித்தார்: 17க்கு 8 (விட்டமும் அகலமும் இஞ்சில்), ஆஃப்செட் 35 மில்லிமீட்டர். கம்பெனி வீல் 17க்கு 7, ஆஃப்செட் 48. ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. ரிம் ஒரு இஞ்ச் அகலமானதால் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் கூடியது. ஆஃப்செட் குறைந்ததால் வீல் முழுவதும் 13 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தது. ஆக உள்பக்கம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்க, வெளிப்பக்கம் மட்டும் 25 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே வந்துவிட்டது. அதன் மேல் பழைய உரிமையாளர் 225/45 டயர் போட்டிருந்தார். அதன் விட்டம் 634. உரசாமல் எப்படி இருக்கும்?

நான் வீட்டிலேயே கணக்குப் போட்டு ஒரு அளவு வைத்திருந்தேன்: 245/40 ஆர் 17. விட்டம் 628, கம்பெனி அளவுக்கு மிக அருகில். ஸ்பீடாமீட்டரும் பெரிதாக மாறாது. அவர் மறுத்தார். என்னையும் தம்பியையும் பின் சீட்டில் உட்காரச் சொல்லி, மட்கார்டு உதட்டுக்கும் டயருக்கும் இடையில் ஸ்கேலை வைத்துக் காட்டினார். உயரத்தில் இடம் கிடைத்தாலும் அகலத்தில் கிடைக்காது. விட்டம் மட்டும் பார்த்தால் போதாது என்பது எனக்குப் புரிந்தது.

கடைசியில் முடிவானது கம்பெனி கொடுத்த அதே 215/45 ஆர் 17தான். அந்த அளவுக்கு 8 இஞ்ச் ரிம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் வருகிறது. ரிம் கொஞ்சம் அகலம் என்பதால் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், தோள் உள்ளே சாயும், போட்டிருந்த 225ஐவிட மேல்பக்க உயரமும் நாலரை மில்லிமீட்டர் குறையும். அந்த நாலரைதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. இதைவிடக் குறுகிய டயரை இழுத்துப் பொருத்துகிற ஆட்களும் உண்டு. தினமும் குழியில் இறங்கி ஏறும் காருக்கு அது வேண்டாம். ரிம்மின் விளிம்பு நேராக அடி வாங்கும்.

பிராண்ட் கடைசியில்தான் வந்தது. அதுதான் சரியான வரிசை என்று இப்போது நினைக்கிறேன். தம்பிக்கு யோகோஹாமா அட்வான் நியோவா மேல் ஆசை. நல்ல பிடிப்புள்ள டயர், சந்தேகமில்லை. ஆனால் அந்த வகை டயர்களின் தோள் சதுரமாக இருக்கும். எண் 215 என்றே இருந்தாலும், மட்கார்டுக்குப் பக்கத்தில் வருவது அந்தச் சதுரத் தோள்தான். சத்தமும் அதிகம், தேய்வதும் வேகம். மழையில் வேலைக்குப் போகிறவனுக்கு நீர் ஒதுக்கும் பள்ளங்கள் முக்கியம். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 எடுத்தோம், தயாரித்து ஐந்து மாதமே ஆனது. இந்தக் கார் புதிதாக வந்தபோது மிஷலின் பிரைமஸி எச்பி என்ற மிதமான டயரோடுதான் வந்தது, வால் சுலபமாக வழுக்கி விளையாட வேண்டும் என்று. அதனால் இதுவே அவனுக்குப் பெரிய மாற்றம்.

ஒரு டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் எண்ணான லோடு இண்டெக்ஸும் பார்த்தோம். கம்பெனி டயரில் 87, அதாவது டயருக்கு 545 கிலோ. புதியதில் 91, 615 கிலோ, கூடுதல் பாரத்துக்கான எக்ஸ்எல் வகை. ஆனால் எக்ஸ்எல் டயர் அந்தப் பாரத்தைத் தாங்குவது கூடுதல் காற்றில்தான். அதனால் காரின் காற்றழுத்த ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைத்து வைக்கவே கூடாது என்று அவர் தம்பியிடம் இரண்டு முறை சொன்னார்.

அப்புறம் அலைன்மெண்ட். தம்பியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் அளவெடுத்தார். பின் கேம்பர், அதாவது வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் கோணம், மைனஸ் இரண்டு டிகிரியைத் தாண்டியிருந்தது. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீலின் முன்முனை திரும்பியிருக்கும் கோணம், இரண்டு பக்கமும் வெளியே திறந்திருந்தது. உள்விளிம்பைத் தின்றது கேம்பர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "கேம்பர் மெதுவாத்தான் தேய்க்கும் தம்பி, கம்பி தெரியற அளவுக்குக் கொண்டுவந்தது டோ" என்றார். காரை இறக்கியவர்கள் அதன்பின் அலைன்மெண்டே பார்க்கவில்லை போலிருக்கிறது. பின் டோவைச் சற்று உள்ளே கொண்டுவந்து இரண்டு பக்கமும் சமமாக்கினார். பின் கேம்பரைத் திருத்த இந்தக் காரில் கம்பெனி கொடுத்த வசதி இல்லை. வீலை அடியில் பிடித்திருக்கும் கீழ் ஆர்ம், அட்ஜஸ்ட் செய்யக்கூடியதாகத் தேவை. அது அன்று கிடைக்கவில்லை. வீல் நட்டுகளை நட்டு முடுக்கும் கன்னால் லேசாக முடுக்கி, கடைசியில் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையாலேயே இறுக்கினார். 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வரச் சொன்னார். வந்தபோது எல்லா நட்டையும் மறுபடி சரிபார்த்தார், பணம் வாங்கவில்லை.

நான்கு வீலும் ஒரே அளவு என்பதால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றலாம். பைலட் ஸ்போர்ட் 4இல் வெளிப்பக்கம் எது என்று குறித்திருக்கும். தேய்ந்த உள்விளிம்பை வெளியே திருப்பிப் போட முடியாது. ஆகவே உள்பக்கத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். கிளம்பும் முன் தம்பிக்கு டயர் பள்ளத்தை அளக்கும் ஒரு ஆழமானி வாங்கிக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எனக்கு அனுப்புகிறான். போன வாரம் வந்த பின் டயர் அளவு: உள் 6.7, நடு 6.9, வெளி 7.0 மில்லிமீட்டர். கீழ் ஆர்ம் இன்னும் வரவில்லை.