மாரிகா கோம்பிதோவா: இரட்டை ஆல்பமா, ஒற்றைத் தட்டா?

ஸ்லோவாக் பாடகி மாரிகா கோம்பிதோவாவின் இசைத்தட்டுகளில் இப்போதைக்கு ஒன்றுதான் வாங்குவது என்று வைத்துக்கொண்டால், போட்டி உண்மையில் இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, 1982இல் வந்த 'ஸ்ல்னெச்னி கலெந்தார்'. மற்றது, 1987இல் இரண்டு தட்டுகளாக வந்த 'அதெலியேர் துஷே'. இரண்டுமே பிராட்டிஸ்லாவாவின் ஓபுஸ் நிறுவனம் வெளியிட்டவை. நான் இரட்டை ஆல்பத்தை வாங்கினேன். இன்னொரு முறை வாங்கச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது, அதனால் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பாடகியைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1956இல் கிழக்கு ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். எழுபதுகளில் யான்கோ லெஹோட்ஸ்கியின் மோதுஸ் குழுவில் பாடிப் பெயர் பெற்றார். 1979இல் முதல் தனி ஆல்பம். 1980 நவம்பர் இறுதியில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் வாழ்கிறார். அப்படியும் 1987 வரை அவர் கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒரு ஆல்பம் தந்தார் என்பது இன்றும் எனக்கு வியப்புதான். இரட்டை ஆல்பம் அவருடைய ஏழாவது.

ஒற்றைத் தட்டின் பலம் வெளிப்படையானது. 'ஸ்ல்னெச்னி கலெந்தார்' முழுவதற்கும் மெட்டு அவருடையது, வரிகள் கமில் பெதெராய் எழுதியவை. ஒரே மனம், ஒரே பேனா. அதனால் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை சிதறாமல் போகும். அவரை இதுவரை கேட்டே இராதவருக்கு நான் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். இதன் ஆங்கில வடிவமும் 1984இல் 'மை ஃப்ரெண்ட் த ட்ரீ' என்ற பெயரில் வந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. அந்தக் குரலுக்கு ஸ்லோவாக்தான் வேண்டும்.

இரட்டை ஆல்பம் வேறு மாதிரி. 1987இன் ஒலி அதில் முழுதாக இருக்கிறது, சிந்தசைசர் நிறைய. அந்தக் கால ஒலி பிடிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். எனக்குப் பிடிப்பது அதன் இடவசதி. ஒரு வேகமான பாட்டுக்குப் பக்கத்தில் மெதுவான ஒன்றை அவசரமில்லாமல் வைக்க முடிகிறது. ஒவ்வொரு பக்கமும் தனியாக உட்கார்ந்து கேட்கத் தகுந்த ஒரு பகுதியாக ஆகிவிடுகிறது. நான் நான்கு பக்கங்களையும் ஒரே மூச்சில் கேட்பது அபூர்வம். ஒரு மாலைக்கு ஒரு தட்டு போதும்.

சரி, இவையெல்லாம் ரசனை. பழைய தட்டு வாங்குகிறவருக்கு முடிவைத் தீர்மானிப்பது தட்டின் நிலைதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வேகம் மாறுவதில்லை. ஆனால் ஊசி வெளி விளிம்பில் இருக்கும்போது அதன் கீழே நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் வரி (ஒலி பதிந்த நுண்ணிய பள்ளம்) ஓடுகிறது. நடுவில் ஒட்டிய லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியை, பாதியைவிடக் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும்தான் முதலில் கெடும். கெடுவது எங்கே கேட்கும் என்றால், 'ஸ்', 'ஷ்', 'ச்' போன்ற ஒலிகளில். ஸ்லோவாக் மொழியில் இந்த ஒலிகளுக்குப் பஞ்சமே இல்லை. கோம்பிதோவாவின் குரலோ கூர்மையானது, உச்சத்தில் லேசாகக் கரகரக்கும். தேய்ந்த தட்டில் அந்தக் கரகரப்பு எது, வரி கிழிந்த சத்தம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். காதுக்கு வேதனை.

இதில் பக்கத்தின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பக்கத்தில் அதிக நிமிடங்களை அடைத்தால் வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி அளவைக் குறைக்க வேண்டும், அடித்தொனியும் மெலியும். பாடல்களை நான்கு பக்கங்களில் பரப்பும்போது அந்த நெருக்கடி தளர வழி இருக்கிறது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒற்றைத் தட்டில் இரண்டு கடைசிப் பாட்டுகளைச் சோதித்தால் போதும், இரட்டையில் நான்கு.

அப்புறம், முந்தைய சொந்தக்காரர் எதில் ஓட்டினார் என்பது. எண்பதுகளில் செக்கோஸ்லோவாக்கிய வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் மொராவியாவின் லித்தோவெல் ஊரில் தயாரான டெஸ்லா பிளேயர்கள் (இன்றைய கார் நிறுவனம் அல்ல). (இன்று ப்ரோஜெக்ட் என்ற நிறுவனத்தின் பிளேயர்கள் தயாராவதும் அதே ஊரில்தான்.) நல்ல மாடல்களும் இருந்தன. ஆனால் அந்தக் காலத்து மலிவு விலை பிளேயர்களில், எந்த நாட்டுத் தயாரிப்பானாலும், ஊசி தட்டின்மேல் பல கிராம் எடையோடு உட்காரும். இன்றைய கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) ஏறக்குறைய இரண்டு கிராம் போதும். அந்த எடையில் பல ஆண்டுகள் உழப்பட்ட வரியை எந்தக் கழுவலும் மீட்காது. கழுவினால் தூசி போகும், தேய்மானம் போகாது.

இங்கேதான் இரட்டை ஆல்பம் என் கணக்கில் முந்துகிறது. பிராட்டிஸ்லாவாவின் பழைய தட்டுக் கடைகளில் நான் எடுத்துப் பார்த்த 'ஸ்ல்னெச்னி கலெந்தார்' பிரதிகள் பெரும்பாலும் ஆசை தீர ஓட்டப்பட்டவை. எல்லோரும் விரும்பிய தட்டு, விருந்துகளிலும் ஓடியிருக்கும். 'அதெலியேர் துஷே'யில் முதல் தட்டு அப்படி இருந்தாலும், இரண்டாவது பெரும்பாலும் பளபளவென்று இருக்கிறது. நான்கு பக்கங்களையும் சமமாகக் கேட்டவர்கள் குறைவு போலும். நான் பார்த்தது சில கடைகள்தான், இதை விதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் என் பிரதியின் மூன்றாம், நான்காம் பக்கங்களை வைத்துச் சொல்கிறேன்: அந்தக் குரலை அவ்வளவு சுத்தமாக அவருடைய வேறு எந்தப் பழைய தட்டிலும் நான் கேட்டதில்லை.

மறுவிற்பனை பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் விற்றதில்லை. இரட்டையில் ஒரு தட்டு கெட்டாலே செட்டின் மதிப்பு போய்விடும் என்பது மட்டும் நிச்சயம். லாபத்துக்காக வாங்குவதானால் ஒற்றைத் தட்டே பாதுகாப்பு.

சிடியில் இந்தத் தேய்மானத் தொல்லை எதுவும் கிடையாது. பாடல்கள் மட்டும் போதுமென்றால் அதுவே நல்லது, மலிவும்கூட. பக்கம் திருப்ப எழுந்து போகும் அந்த இடைவெளியைத்தான் நான் இழக்க விரும்பவில்லை.

புதிய தலைமுறையிலிருந்து ஸ்லோவாக் பாடகி யானா கிர்ஷ்னரையும் யோசித்தேன். அவர் 'மொருஷா'வை ஒரே இரட்டை ஆல்பமாகத் தராமல், 2013இல் வெள்ளை, 2014இல் கறுப்பு என்று இரண்டாகப் பிரித்து வெளியிட்டார். இரட்டை ஆல்பத்தின் பாரத்தைக் கேட்பவர்மேல் ஒரேயடியாக ஏற்றாத நல்ல யோசனை. இவற்றை நான் போனில் மட்டுமே கேட்டிருக்கிறேன். தட்டில் எப்படி ஒலிக்கும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

இரட்டையை வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையில் இரண்டு தட்டுகளையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேபிள்களில் நான்கு பக்கங்களும் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு உடைந்த செட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கி, முதல் தட்டையே இரண்டு முறை வைத்திருக்கும் உறைகளும் உண்டு. கேட்க அனுமதித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டை மட்டும் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய காகித உள்ளுறைகளை மாற்றிவிடுங்கள். ஆண்டுகள் போகப்போக அந்தக் காகிதத்தின் தூள் வரிகளுக்குள் இறங்கிவிடுகிறது.