டிடி 830டி மல்டிமீட்டர்: வயரிங் பழகுபவருக்குப் போதுமா?

ஐடிஐ எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேருபவர்கள் பலர் வாங்குவது இந்த மலிவு மீட்டரைத்தான். கண்டினியூட்டி, அதாவது வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று பார்ப்பது, பழக இது தாராளமாகப் போதும். மெயினை அணைத்து, பல்பைக் கழற்றி, திருகியை 200 ஓம்ஸில் வையுங்கள். இரண்டு புரோபையும் (மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகள்) ஒன்றோடொன்று தொட்டால் 0.5 அல்லது அதையொட்டி ஏதாவது காட்டும். அது புரோப் வயரின் ஓம்ஸ், கழித்துக்கொள்ளுங்கள். பிறகு புரோப்களைச் சுவிட்சின் இரண்டு டெர்மினலிலும் வையுங்கள். சுவிட்சைப் போட்டால் பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும், அணைத்தால் திரையின் இடது ஓரத்தில் வெறும் '1', அதாவது இணைப்பு இல்லை. போட்ட நிலையில் எண் துள்ளினால் டெர்மினல் ஸ்க்ரூ லூஸாக இருக்கலாம்.

பலவீனம் புரோப்தான். கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் சால்டர் விட்டுவிடும். மீட்டர் '1' காட்டும், பழகுபவர் நல்ல சர்க்யூட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். வேலைக்கு முன் புரோப்களைத் தொட்டுப் பார்ப்பது அதற்காகவும்தான்.

230 வோல்ட் பார்க்க ஏசி 750 ரேஞ்ச். சிவப்பு புரோப் 10 ஆம்பியர் துளையில் இருந்தால் லைனும் நியூட்ரலும் நேராக ஷார்ட் ஆகும். அந்தத் துளைக்கு ஃபியூஸ் கிடையாது என்று மீட்டரிலேயே அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. சப்ளை இல்லை என்று முடிவுகட்டுமுன், வேலை செய்யும் பிளக் பாயின்ட் ஒன்றில் மீட்டரைச் சோதியுங்கள்.

இன்சுலேஷன் சோதனைக்கு இதை நம்பவே கூடாது. 9 வோல்ட் பேட்டரிக்குத் தெரியாத கசிவு 500 வோல்ட் மெக்கரில்தான் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) தெரியும். வீட்டு வயரிங் பழக வாங்கலாம். டிபி பெட்டி (வீட்டு சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டி), மூன்று ஃபேஸ் பேனல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.