கிராஸ் கண்ட்ரி ஸ்பைக் சப்பாத்து: எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்கு வாங்கலாமோ?

முதலே சொல்லிப்போடுறன், வாங்கலாம். ஆனா ட்ராக்கில ஓடுற ஸ்பைக் (அடியில ஆணி பூட்டின ஓட்டச் சப்பாத்து) இல்லை, கிராஸ் கண்ட்ரிக்கெண்டே, அதாவது புல்லு, சேறு, மேடு பள்ளமெண்டு வெளி நிலத்தில ஓடுற நீண்ட ஓட்டத்துக்கெண்டே செய்யிற ஸ்பைக். யாழ்ப்பாண டவுனில ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கடையில ஆரம்ப நிலைச் சோடி ஒண்டு 18,500 ரூபாப்படி நாலு பிள்ளையளுக்கு நாலு சோடி எடுத்தம். கழகம் கொஞ்சம், தாய் தேப்பன் கொஞ்சம், வெளிநாட்டில இருக்கிற எங்கட பழைய ஓட்டக்காரப் பிள்ளையள் கொஞ்சம் எண்டு சேர்த்த காசு, அதால அது எப்பிடிப் போச்செண்டு மற்ற ஆக்களுக்கும் சொல்லோணும் எண்டுதான் எழுதுறன். ஒரு மாரியும் ஒரு கோடையும் போட்டு ஓடியாச்சு. கொம்பனிப் பேர் போடேல்ல, ஏனெண்டா எல்லாப் பெரிய கொம்பனியும் இந்த வகையில ஒண்டு செய்யுது, நீங்கள் பாக்கவேண்டியது பேரை இல்லை, அடியை.

ஏன் நாலு சோடி எண்டு கனபேர் கேட்டவை. ஒரு பிள்ளைதானே முதலா வாறா, அவவுக்கு மட்டும் நல்லதா ஒண்டு வாங்கிக் குடுத்தாக் காணும்தானே எண்டு. இதுதான் எங்கட ஊரில எல்லாரும் செய்யிறது, எனக்கு இதில சரியான கவலை. கிராஸ் கண்ட்ரியில ரீம் கணக்கு எண்டு ஒண்டு இருக்கு. உலக கிராஸ் கண்ட்ரிப் போட்டியில யூ20 (20 வயசுக்குக் கீழ, முந்தி ஜூனியர் எண்டு சொன்னது) பெண்கள் ஓட்டத்தில ஒரு நாட்டுக்கு ஆறு பேர் வரைக்கும் ஓடலாம், முதல் வாற நாலு பேற்ற இடத்தையும் கூட்டுவினம், கூட்டுத்தொகை ஆருக்குக் குறைவோ அந்த ரீமுக்குத் தங்கம். அப்ப முதலா வாற பிள்ளை இன்னும் பத்து செக்கன் கெதியா வந்தாலும் கணக்கில அவ ஒண்டுதான், அதுக்குக் கீழ போக ஏலாது. நாலாவதா வாற பிள்ளை அதே பத்து செக்கன் கெதியா வந்தா கூட்டமா ஓடி வாற இடத்தில எத்தினை பேரைத் தாண்டுவா எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

2019இல டென்மார்க்கில ஆர்ஹூஸ் எண்ட இடத்தில நடந்த உலகப் போட்டியைப் பாத்தா இது வடிவா விளங்கும். மோஸ்கார்ட் மியூசியம் எண்ட கட்டடத்தின்ர புல்லு முளைச்ச சரிவான கூரைக்கு மேலால ஏறி ஓடுற பாதை. யூ20 பெண்கள் ஓட்டத்தில கென்யாவின்ர பியட்ரிஸ் செபெட் முதலா வந்தவ, எத்தியோப்பியாவின்ர அலெமிது தாரிக்கு, சிகே கெப்ரெசெலாமா ரெண்டு பேரும் பின்னால, ஆனா மூண்டு பேருக்கும் குடுத்த நேரம் ஒண்டுதான், 20 நிமிசம் 50 செக்கன். தனித் தங்கம் செபெட்டுக்கு, ரீம் தங்கம் எத்தியோப்பியாவுக்குப் போச்சு. பேந்து செபெட் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில 5,000, 10,000 மீற்றர் ரெண்டிலயும் தங்கம் எடுத்த ஆள், அப்பிடிப்பட்ட பிள்ளை முன்னால நிண்டும் அண்டைக்கு ரீம் தங்கம் கிடைக்கேல்ல. எங்கட கழகக் கூட்டத்தில இதைச் சொல்லித்தான் நாலு சோடிக்கும் சம்மதம் எடுத்தது.

அப்ப ஒரு பெரியவர் கேட்டார், வெறுங்காலோட ஓடி வெண்ட பிள்ளையளும் இருக்கினம்தானே பிள்ளை எண்டு. உண்மை. 2010இல போலந்தில பிட்கோஷ்ச் எண்ட ஊரில நடந்த உலகப் போட்டியில கென்யாவின்ர ஃபெய்த் கிப்யேகொன் 16 வயசில சப்பாத்தில்லாமத்தான் ஜூனியர் ஓட்டம் ஓடினவ. நாலாவதா வந்தவ. அண்டைக்கு முதல் நாலு இடமும் கென்யாப் பிள்ளையளுக்கு, ஒண்டும் ரெண்டும் மூண்டும் நாலும் பத்து, அதை விடக் குறைஞ்ச கணக்கு ஒருத்தருக்கும் வராது. அடுத்த வருசம் ஸ்பெயினில தனியவே முதலாம் இடம், 2013இல திரும்பவும், பேந்து 1,500 மீற்றரில மூண்டு ஒலிம்பிக் தங்கம். வெறுங்காலை நான் ஒருநாளும் குறைச்சுச் சொல்லமாட்டன், எங்கட பிள்ளையளில கனபேர் பள்ளிக்கூட மீட்டில அப்பிடி ஓடித்தான் வந்தவை. ஆனா அங்க உழுது பரவின மாதிரி மெத்தையான புல்லு, இஞ்ச நெருஞ்சி முள்ளு, உடைஞ்ச போத்தில், செம்மண்ணுக்க இருந்து கூரா வெளிக்கிடுற சுண்ணாம்புக் கல்லு. ஒரு முள்ளு ஏறினா பிள்ளைக்கு ஒரு கிழமை போச்சு, போட்டி கிட்ட எண்டா அந்த வருசமே போச்சு.

இனி சப்பாத்துக்கு வாறன். ட்ராக் ஸ்பைக்கின்ர அடி முன்பக்கம் கட்டியான பிளாஸ்ரிக் தட்டு, குதிப்பக்கம் ஒண்டுமில்லை எண்ட மாதிரி மெல்லிசு. கிராஸ் கண்ட்ரி ஸ்பைக்கில முன்னுக்கு ஆணி பூட்டுற தட்டு இருக்கும், அதோட அடி முழுக்க ரப்பர், ரப்பரில பல்லுப் பல்லா வெட்டி இருக்கும், குதிக்குக் கொஞ்சம் மெத்தையும் வைச்சிருப்பினம், மேல் துணி நெருக்கமான வலை, சேறு சும்மா உள்ளுக்குப் போகாது. எங்கட இடத்துக்கு அந்த ரப்பர்ப் பல்லுத்தான் முக்கியம், ஆணி ரெண்டாவதுதான் எண்டு நான் சொல்லுவன். ஆணியைக் கழட்டி மாத்தலாம், அதுக்கு ஒரு சின்னத் திறப்பு பெட்டிக்குள்ளயே வரும். காய்ஞ்ச நிலத்துக்கு 6 மில்லிமீட்டர், புல்லுக்கு 9, நல்ல சேறெண்டா 12 இல்லாட்டி 15. சட்டப்படி ஒரு சப்பாத்தில 11 ஆணிக்கு மேல பூட்ட ஏலாது, இந்த ஆரம்ப நிலைச் சோடியளில அதை விடக் குறைவாத்தான் இருக்கும், பயப்படத் தேவையில்லை.

நிலம் பற்றிச் சொல்லாம இதை எழுதி வேலையில்லை. வலிகாமப் பக்கம் செம்மண் கோடையில செங்கல்லு மாதிரி இறுகிப்போயிடும், அதில 9 மில்லிமீட்டர் ஆணி போட்டா ஆணி உள்ளுக்கு இறங்காது, பாதத்துக்கு அடியில குத்துற மாதிரி இருக்கெண்டு பிள்ளையள் சொல்லுவினம், 6 போட்டா சரி. மாரிக்கு, ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்ச பிறகு, அதே மண் காலில அப்பிக்கொண்டு வரும், அப்பதான் இந்தச் சப்பாத்து தன்ர விலையைக் காட்டினது, வளைவில ஒருத்தரும் வழுக்கேல்ல. தென்மராட்சிப் பக்கம் அரிவு வெட்டின வயல் நல்ல இடம், ஒட்டுக் காலைக் கீறாமக் கணுக்கால் வரைக்கும் நீட்டுச் சொக்ஸ் போடச் சொல்லுங்கோ. மணற்காட்டிலயும் வல்லிபுரக் கோயில் பக்கத்திலயும் இருக்கிற பொல பொலவெண்ட மணலுக்கு இந்தச் சப்பாத்தால ஒரு பிரயோசனமும் இல்லை, ஆணிக்குப் பிடிக்க ஒண்டும் இல்லாததால சும்மா பாரம்தான், மணலும் உள்ளுக்குப் போய் விரலைத் தேய்க்கும். அங்க வெறுங்காலோட விடுங்கோ, கால் பலத்துக்கு அதை விட நல்ல பயிற்சி இல்லை. தார் ரோட்டில ஒரு அடியும் வைக்க விடாதேங்கோ. ஸ்ராட் லைன் வரைக்கும் செருப்போட போகட்டும்.

நுவரெலியாப் பக்கம் ஓடப் போறவைக்கு நான் சொல்லுறது வேற. அது 1,868 மீற்றர் உயரம், நாங்கள் கடல் மட்டத்தில இருந்து போறம், மூச்சுக்கே பிள்ளையள் கஷ்டப்படுவினம், அதோட ஏற்றம் இறக்கம், எங்கட குடாநாட்டில தேடினாலும் கிடைக்காத சாமான். விடியப்பறம் பனியில நனைஞ்ச புல்லில இறக்கத்தில வரேக்க பிடி இருக்கெண்ட நம்பிக்கை வேணும், நம்பிக்கை இல்லாட்டிப் பிள்ளை தன்னையறியாமலே பிரேக் பிடிச்சுப் பிடிச்சுத்தான் வருவா. 12 மில்லிமீட்டர் ஆணி ஒரு செற் பையில கட்டாயம் இருக்கோணும். எங்கட மூண்டாவது, நாலாவது பிள்ளையள் முந்தி இறக்கத்திலதான் இடத்தை விடுறவை, இந்த முறை இறக்கத்தில ஆக்களைத் தாண்டினதை நான் கண்ணால கண்டனான், அந்தச் சந்தோசத்தை எழுத ஏலாது.

கடையைப் பற்றி. பெரிய கடை இல்லை, கிரிக்கெட் பட்டும் உதைபந்தும்தான் முன்னுக்குத் தொங்கும். நாங்கள் ஏறி இறங்கின மற்ற ஒரு கடையில யூகே சைஸ் 6க்குக் கீழ ஸ்பைக்கே இல்லை, முன்னுக்குப் பஞ்சு வைச்சுக் கட்டிவிடுங்கோ ரீச்சர் எண்டு சொல்லிச்சினம். பஞ்சு வைச்ச சப்பாத்தோட 6 கிலோமீற்றர் ஓடுறதெண்டா என்னெண்டு அவைக்குத் தெரியாது, குதி மேலயும் கீழயும் போய்க் கொப்புளம் போட்டு, ஆணி இருக்கிற இடம் விரலுக்குக் கீழ வராம முன்னுக்குப் போய், தடக்கி விழத்தான் வைக்கும். பிள்ளையின்ர கால் சைஸ் 3, சைஸ் 4. எங்கட பொம்பிளைப் பிள்ளையள் ஓடமாட்டினம் எண்டு நினைச்சுத்தானே சாமான் எடுக்கிறதில்லை. உலகத்திலயும் இப்பிடித்தான் நடந்தது, உலக கிராஸ் கண்ட்ரி 1973இல பெல்ஜியத்தில தொடங்கேக்கயே ஜூனியர் ஆம்பிளைப் பிள்ளையளுக்கு ஓட்டம் இருந்தது, ஜூனியர் பெண்களுக்கு 1989இல நோர்வேயில ஸ்டவாங்கரிலதான் முதன்முதலா வைச்சவை. பதினாறு வருசம். இப்பவும் ஆம்பிளைப் பிள்ளையளுக்கு 8 கிலோமீற்றர், பெண்களுக்கு 6.

இந்தக் கடை அண்ணை அப்பிடி இல்லை. நாலு பேற்ற காலையும் பேப்பரில வைச்சுக் கீறி அளந்து, கொழும்பில இருந்து பஸ்ஸில பார்சல் எடுப்பிச்சுத் தந்தவர். வந்த பிறகு ஆணியெல்லாத்தையும் கழட்டிப்போட்டு, "பிள்ளையள், போட்டிட்டு ஒருக்கா ஒழுங்கையால ஓடிப் பாருங்கோ, பிடிக்காட்டி மாத்தலாம்" எண்டவர். ஒரு பிள்ளைக்குப் பெருவிரல் இடிச்சுது, முகத்தைச் சுழிக்காம அரை சைஸ் கூட்டி வேற எடுப்பிச்சார், மாத்தினதுக்கு மேலதிகக் காசு கேக்கேல்ல. குறை எண்டா பார்சல் வரச் சொன்ன நாளை விடப் பிந்தினது, போன் எடுத்தாலும் பின்னேரம்தான் எடுப்பார். மாற்று ஆணி செற் தனியா விக்கிற விலையும் எனக்குக் கூடவாத்தான் படுது, அதைக் கொழும்புக்குப் போற ஆரிட்டயும் சொல்லி எடுப்பிக்கலாம்.

சப்பாத்தில நான் கண்ட குறையள். குதி பதிவு, சாதாரண ஓட்டச் சப்பாத்தில பழகின பிள்ளை முதல் நாளே இதைப் போட்டு முழுத்தூரம் ஓடினா அடுத்த நாள் கெண்டைக்கால் இறுகி நடக்கவே மாட்டா. முதல் ரெண்டு மூண்டு கிழமை பயிற்சியின்ர கடைசியில புல்லில நாலைஞ்சு சின்ன ஓட்டம் மட்டும் இதோட விடுங்கோ, பேந்து கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. ஒவ்வொரு நாளும் போட விடவேண்டாம், கிழமையில ஒருநாளும் போட்டியும் காணும். ஒரு சோடியில முன்பக்கம் அடி கொஞ்சம் விட்டுப்போச்சு, சேறு கழுவிப்போட்டு உச்சி வெயிலுக்க காய வைச்சதாலதான், பசை இளகியிட்டுது, பஸ் ஸ்ராண்டடியில சப்பாத்துத் தைக்கிற ஐயா ஒட்டித் தைச்சுத் தந்தவர், இப்பவும் ஓடுது. நிழலுக்க, உள்ளுக்குப் பேப்பர் அடைஞ்சு காய விடோணும்.

இன்னொண்டு, கறள். எங்கட உப்புக் காத்துக்கு இரும்பு ஆணி கண்ணுக்கு முன்னால கறள் பிடிக்கும், கறள் பிடிச்சுத் துளைக்குள்ளயே இறுகினா திறப்பும் வழுக்கும், கழட்டவே ஏலாது. ஒவ்வொரு போட்டி முடியவும் ஆணியைக் கழட்டித் துடைச்சு, புரியில ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் பூசி ஒரு போத்திலுக்க போட்டு வைக்கிறம். சும்மா இருக்கிற துளையை வெறுமனே விடாதேங்கோ, மண் அடைச்சால் எடுக்கிறது பெரும்பாடு, அதுக்கெண்டு மொட்டைத் திருகாணி விக்கும்.

ஆருக்கு வேண்டாம் எண்டும் சொல்லோணும். இப்பதான் ஓடத் தொடங்கின 12, 13 வயசுப் பிள்ளைக்கு இது தேவையில்லை, கால் வளருது, அடுத்த வருசம் போடமாட்டா, அந்தக் காசுக்கு நல்ல சாதாரண ஓட்டச் சப்பாத்து ஒண்டு வாங்கிக் குடுங்கோ. துரையப்பா விளையாட்டரங்கில 800, 1,500 மட்டும் ஓடுற பிள்ளைக்கும் இது பாரம்தான். 16 வயசு தாண்டி, மாகாணம், தேசியம் எண்டு போக யோசிக்கிற பிள்ளையளுக்கு எண்டா எடுங்கோ, ரீமா ஓடினமெண்டா நாலு பேருக்கும் எடுங்கோ, காசு காணாட்டி மற்றப் பிள்ளையளில இருந்து தொடங்குங்கோ, முதலா வாற பிள்ளை எப்பிடியும் ஓடி வருவா.

இப்ப சைஸ் 3 முடிஞ்சுதெண்டு அண்ணை சொன்னவர். மாரிக்கு முன்னம் வேணுமெண்டா ஆவணியிலயே காலை அளந்து குடுத்து முற்பணம் கட்டி வைச்சால்தான் பிள்ளை பழக நாள் இருக்கும். போகேக்க பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ, பின்னேரமாப் போங்கோ, காலையில அளந்த கால் பின்னேரம் கொஞ்சம் பெருக்கும், ஓடேக்க போடுற அதே சொக்ஸையும் கொண்டு போங்கோ.