பிளஸ் டூ முடித்துக் குழந்தைகளோடு வேலை: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு?

குழந்தைகளோடு வேலை பார்க்க ஆசை என்று ஒரு பிள்ளை சொன்னால், காட்பாடியிலும் குடியாத்தத்திலும் வீட்டார் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு டிகிரி வாங்கு, பி.எட். போடு, டீச்சராகிவிடு. இந்தப் பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்க பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மூன்றும் இரண்டுமாக ஐந்து ஆண்டு படித்தவருக்குத் தொடக்கப் பள்ளிக் கதவு திறக்காது. பிளஸ் டூவுக்குப் பின் இரண்டே ஆண்டு டி.எல்.எட். எனும் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் படித்தவருக்குத் திறக்கும்.

பிரிட்டன் போன்ற நாடுகளில் குழந்தைப் பருவத்தைப் பற்றிய படிப்பு தனி இளநிலைப் பட்டமாகவே இருக்கிறது. உளவியல், சமூகவியல், கல்வி, சட்டம், உடல்நலம் எல்லாம் ஒரே பட்டத்துக்குள் அடங்கும். நம் பக்கம் அதே பாடம் ஐந்தாறு துறைகளில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் வேறொரு வேலைக்குத்தான் கொண்டுபோய் விடும். அதனால் படிப்பின் பெயரை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். எந்த வயதுக் குழந்தை, எந்த இடத்தில், அங்கே வேலையில் சேர என்ன சான்றிதழ் கேட்பார்கள் என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

ஒரே குழந்தையை வைத்தே பார்க்கலாம். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமம், மூன்று வயதுப் பையன், இன்னும் பேச்சு வரவில்லை. இரண்டு வயதிலேயே "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். இதை முதலில் கவனிக்க வேண்டியவர் அங்கன்வாடிப் பணியாளர். காது கேட்கிறதா என்று சோதித்து, பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் பேச்சு, செவித்திறன் நிபுணர். உட்காராமல் ஓடும் பிள்ளையைக் கைவேலையிலும் விளையாட்டிலும் நிலைக்க வைப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அறிவுத்திறனையும் நடத்தையையும் மதிப்பிடுபவர் மருத்துவ உளவியலாளர். அடையாள அட்டை, உதவித்தொகை, குடும்பத்துக்குள் இருக்கும் சிக்கல் என்று அலைபவர் சமூகப் பணியாளர். பையன் பள்ளிக்கு வந்ததும் அவனுக்கேற்பப் பாடத்தை மாற்றித் தருபவர் சிறப்பாசிரியர். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே அவனையும் வைத்து வகுப்பு நடத்துபவர் தொடக்கப் பள்ளியின் இடைநிலை ஆசிரியர். ஏழு வேலைகளுக்கும் ஒரே படிப்பு இல்லை. இதில் எந்த ஆளாக இருக்க ஆசை என்று தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

டி.எல்.எட்.

செலவு குறைவு, காலம் குறைவு, வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ராணிப்பேட்டையில் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூவில் ஐம்பது விழுக்காடு வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்சிடிஇயின் விதிப்படி இரண்டு ஆண்டில் இருபது வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும். குழந்தைகளோடு இவ்வளவு நேரம் தரும் படிப்புகள் குறைவு. அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியரின் ஊதிய நிலை 20,600 ரூபாயில் தொடங்குகிறது.

சிக்கல் படிப்புக்குப் பிறகுதான். முதலில் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள்: 150 மதிப்பெண், அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். அதில் தேறிவிட்டால் வேலை வந்துவிடும் என்று இன்னமும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் வந்த 149ஆம் அரசாணைப்படி டெட் தேர்ச்சிக்குப் பிறகு தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுதித்தான் பணி நியமனம். டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது ஒரு ஆறுதல். இன்னொன்று: பட்டம் இல்லாமல் நின்றுவிட்டால் பதவி உயர்வும் நின்றுவிடும். டி.எல்.எட். முடித்த கையோடு தொலைதூரக் கல்வியில் தமிழோ கணிதமோ ஒரு பட்டத்துக்குப் பதிந்துவிடுவது நல்லது.

தனியார் பயிற்சிப் பள்ளியில் சேர்வதானால், அந்த ஆண்டுக்கு என்சிடிஇ அங்கீகாரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆறு மாத "மாண்டிசோரி டிப்ளமோ" விளம்பரங்களுக்கும் இதே எச்சரிக்கை. பக்கத்துத் தனியார் நர்சரியில் வேலை கிடைக்கலாம். அரசு வேலைக்கு அந்தத் தாள் உதவாது.

பாகாயத்துப் பக்கம்: சிகிச்சைப் படிப்புகள்

வேலூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி உண்டு. அதை நம் ஊரிலேயே பலர் கவனிப்பதில்லை. சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபியும், பேச்சு மற்றும் செவித்திறன் பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி.யும் உண்டு. அதே நிறுவனத்தின் குழந்தைகள் மனநலப் பிரிவு பாகாயத்தில் "நம்பிக்கை நிலையம்" என்ற பெயரில் நடக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளோடு பெற்றோரும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். வெளியூரிலிருந்து ரயிலேறி வந்து தேடும் இடம் நமக்கு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது.

பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டு, கடைசி ஆண்டு முழுக்க நேரடிப் பயிற்சி. பேசாத குழந்தையின் தலையில் சின்ன மின்முனைகள் ஒட்டித் தூங்க வைத்துச் செய்யும் பெரா என்ற செவித்திறன் சோதனையிலிருந்து, ஒரே ஒரு ஒலியைப் பத்து வாரம் பழக்குவது வரை எல்லாம் இதற்குள் வரும். ஆக்குபேஷனல் தெரபிக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். கலைப் பிரிவு எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்; ஆகவே இந்த முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே எடுக்க வேண்டியது. இடங்கள் மிகக் குறைவு, சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள். வேலைக்குப் பஞ்சமில்லை: பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய திட்டம் 2013இல் தொடங்கியது; அதன் மாவட்ட இடையீட்டு மையங்களில் இந்த ஆட்களுக்கெல்லாம் பணியிடம் வகுத்திருக்கிறார்கள்.

அறிவியல் பிரிவு இல்லாதவர்களுக்கு இதே குழந்தைகளிடம் போக வேறு வாசல் சிறப்புக் கல்வி டிப்ளமோ. இரண்டு ஆண்டு. சென்னை முட்டுக்காட்டில் உள்ள ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான நிறுவனம் இந்தத் துறைக்கென்றே இயங்குவது. முடித்ததும் இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்சிஐயின் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அது இல்லாமல் சிறப்பாசிரியராகப் பணிபுரிவது சட்டப்படி தவறு. நிறுவனத்துக்கு ஆர்சிஐ அங்கீகாரம் இல்லையென்றால் எண் வராது. வட்டார வள மையங்களில் வேலை உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படைதான், அதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு வாருங்கள்.

மனையியல், உளவியல், சமூகப் பணி

மனையியலில் மனித வளர்ச்சி என்ற பிரிவுதான் பல்கலைக்கழகக் குழந்தைப் பருவப் படிப்புக்கு மிக நெருக்கமானது. கோவை அவினாசிலிங்கத்தில் இதற்கென்று தனித் துறை உண்டு. ஆனால் மனையியல் என்ற பெயரில் பல கல்லூரிகள் தருவது பெரும்பாலும் உணவும் ஊட்டச்சத்தும். பாடத்திட்டத்தை வாங்கி, குழந்தை வளர்ச்சிக்கு எத்தனை தாள், மழலையர் பள்ளியில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு தாளுக்குக் குறைந்தால் அது வேறு படிப்பு. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கான தேர்வில் இந்தப் பட்டம் கைகொடுக்கும்.

உளவியல் பி.எஸ்சி.யை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தைகளிடம் போக முடியாது. முதுநிலை, அதன்மேல் ஆர்சிஐ ஏற்ற மருத்துவ உளவியல் பயிற்சி என்று நீளும். பொறுமையும் பணமும் இருந்தால் மட்டும்.

சமூகப் பணிக்குத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. எனும் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வாரந்தோறும் களப்பணி இந்தப் படிப்பின் உயிர். இளைஞர் நீதிச் சட்டம் 2015, போக்சோ 2012, குழந்தைகளுக்கான 1098 உதவி எண், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு: வேலை நடக்கும் உலகம் இது. இங்கே பொம்மையும் பாட்டும் குறைவு. வாக்குமூலம், அறிக்கை, வீட்டு விசாரணை அதிகம். ஜவ்வாது மலை ஊர்களில் குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போகிறவருக்குக் குழந்தைப் பாசம் மட்டும் போதாது, தாசில்தாரிடமும் காவல் நிலையத்திலும் நின்று பேசும் திராணி வேண்டும். பணியிடங்கள் பெரும்பாலும் தொகுப்பூதியம்.

அங்கன்வாடி

பட்டமே வேண்டாத வழி இது. பிளஸ் டூ போதும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஐசிடிஎஸ் எனும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அடித்தளம் இந்த வேலைதான். ஊதிய நிலை 7,700 ரூபாயில் ஆரம்பிக்கிறது என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை, ஏனென்றால் மேலே சொன்ன பையனை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் இவர்தான். வேலையில் இருந்துகொண்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பராமரிப்பு, கல்வி டிப்ளமோவைப் படிக்கலாம். வேலையும் படிப்பும் ஒன்றுக்கொன்று உரமாகும் நல்ல சேர்க்கை இது.

எங்கள் கணிப்பு: சம்பளமும் ஊரும் முக்கியம் என்றால் டி.எல்.எட்.டோடு தொலைதூரப் பட்டம். அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் இருந்தால் தயங்காமல் பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது ஆக்குபேஷனல் தெரபி. குழந்தையைவிட அதன் வீடு உங்களை அதிகம் உலுக்குகிறது என்றால் சமூகப் பணி.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் செலவிடுங்கள். திட்ட அலுவலரிடம் அனுமதி கேட்டு, தெரு அங்கன்வாடியில் காலை பத்து மணிக்குப் போய் உட்காருங்கள். ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பேசாமல் பார்த்து, அது செய்ததை மட்டும் எழுதுங்கள். "குறும்பு", "அமைதி" என்று எழுதாதீர்கள். "மூன்று முறை மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு ஆயாவிடம் நீட்டினான்" என்று எழுதுங்கள். மூக்கைத் துடைக்க வேண்டிவரும், நனைந்த ஜட்டி மாற்ற வேண்டிவரும். ஐந்தாம் நாள் நோட்டில் எழுத இன்னும் விஷயம் இருந்தால், விண்ணப்பம் வாங்கப் போகலாம்.